யாரைக் கேட்டுக் கட்டினார்கள்?

சென்ற மாதம் ஒரு நாள் காலை, திருவல்லிக்கேணியிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். நல்ல கூட்டம். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, மடியில் துணிப்பையை அணைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து, "ஐயா, ஓமந்தூரார் ஆஸ்பத்திரி வந்தா சொல்றீங்களா?" என்றாள்.

நான் தலையசைப்பதற்குள், கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் முந்திக்கொண்டார். "அது ஆஸ்பத்திரிக்குக் கட்டினதே இல்லை, பாட்டி! சட்டசபைக்காகக் கட்டினது. எத்தனை கோடி தெரியுமா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. எனக்கு மூட்டு வலி."

பெரியவர் வாயை மூடிக்கொண்டார். அவரிடம் ஒரு பிரசங்கமே தயாராக இருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் மூட்டு வலிக்கு எதிரே எந்தப் பிரசங்கம் நிற்கும்? வாலாஜா சாலை முனையில் பாட்டியை இறக்கி விட்டேன். பஸ் நகர்ந்த பிறகும் அந்த வட்ட வடிவ மாளிகையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன்.

நான் கட்டடக் கலை படித்தவனல்ல. தூணுக்கும் உத்தரத்துக்கும் உள்ள உறவைப் பற்றி என்னைக் கேட்டால் உளறுவேன். கதை எழுதுவதும், பிறர் எழுதிய கதைகளைப் படித்து இது தேறும், இது தேறாது என்று சொல்வதும்தான் என் பிழைப்பு. அந்தப் பழக்கத்தில் பார்க்கும்போது இந்தக் கட்டடத்தின் குறை எனக்குப் பளிச்சென்று தெரிகிறது. எல்லாம் எழுதி, அச்சுக் கோத்து, அட்டையும் போட்ட பிறகு கதாபாத்திரங்கள் வந்து சேர்ந்த நாவல் இது. முதலில் வந்தவர்கள் சட்டமன்ற உறுப்பினர்கள். ஏறக்குறைய ஒரு வருஷம் இருந்துவிட்டுப் போனார்கள். பிறகு வந்தவர்கள் நோயாளிகள். இருவரில் யாருக்காக எழுதியது என்று நாவலுக்கே தெரியாது.

இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பழைய ஞாபகம் உண்டு. 1961-இல் என் தகப்பனார் மாயவரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வீடு கட்டினார். தூரத்து உறவினரான ஓவர்சியர் ஒருவர் நீலத் தாளில் படம் போட்டுக் கொடுத்திருந்தார். அப்பாவுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. பஞ்சாங்கத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினார். அம்மாவிடமும் காட்டினார். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அவள் சம்மதித்தாயிற்று என்று அப்பா நினைத்துக்கொண்டார்.

அஸ்திவாரம் தோண்டுவதற்கு முதல் நாள், மேஸ்திரி நூல் பிடித்து, மனையில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டார். கூடம், தாழ்வாரம், அடுக்களை எல்லாம் வெள்ளைக் கோடுகளாக மண்ணில் கிடந்தன. சாயங்காலம் அம்மா பார்க்க வந்தாள். கோட்டை மிதிக்காமல், வாசல் விட்டிருந்த இடத்தின் வழியாகவே 'உள்ளே' நுழைந்தாள். அடுக்களைக்குப் போனாள். அடுப்பு வரப்போகும் இடத்தில் குந்தி உட்கார்ந்தாள். எழுந்து நாலடி நடந்தாள்.

"மேஸ்திரி, அம்மி எங்கே போடறது?"

"இந்த மூலையிலே போடலாம் அம்மா."

"இங்கே உட்கார்ந்து அரைச்சா கொல்லைக் கதவைத் திறக்க முடியாதே! ஒவ்வொரு தடவையும் எழுந்து நிக்கணுமா?"

ஓவர்சியர் சிரித்தார். மேஸ்திரி சிரிக்கவில்லை. காலால் ஒரு கோட்டை அழித்து, இரண்டடி தள்ளி வேறு கோடு போட்டார்.

நீலத் தாளில் அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. சுண்ணாம்புக் கோட்டில் எல்லாம் தெரிந்தது. பொதுஜன அபிப்பிராயம் என்று யார் பேசினாலும் எனக்கு இந்தச் சம்பவம்தான் நினைவுக்கு வருகிறது.

இனி ஓமந்தூரார் தோட்டத்து மாளிகையின் பூர்வ கதைக்கு வருகிறேன். சென்னையில் சர்க்கார் நடப்பது செயின்ட் ஜார்ஜ் கோட்டையில். அது பதினேழாம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி தன் சரக்குகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளக் கட்டிய இடம். நிலம் ராணுவத்தின் வசம். புராதனக் கட்டடங்கள் தொல்பொருள் துறையின் பாதுகாப்பில். ஒரு சுவரைத் தட்டிப் பெரிதாக்குவதென்றால்கூட யாரையாவது கேட்க வேண்டும். ஆகவே வேறு இடம் வேண்டும் என்ற எண்ணம் நியாயமானதுதான். எம்.ஜி.ஆர். முதல்வராக இருந்தபோது தலைநகரையே திருச்சிக்கு மாற்றிவிடலாம் என்றுகூடப் பேச்சு அடிபட்டது.

2003-இல், ஜெயலலிதா ஆட்சியில், கடற்கரைச் சாலையில் இருக்கும் ராணி மேரி கல்லூரியை இடித்துவிட்டு அங்கே தலைமைச் செயலகம் கட்டுவது என்று தீர்மானமாயிற்று. 1914-இல் தொடங்கிய கல்லூரி அது. சென்னை நகரத்தில் பெண்களுக்கென்று ஏற்பட்ட முதல் கல்லூரி. தீர்மானம் வெளியானதும் மாணவிகள் கல்லூரிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். முன்னாள் மாணவிகள் சேர்ந்துகொண்டார்கள். அவர்களில் பாட்டிமார்களும் உண்டு. ஆசிரியைகள், எதிர்க்கட்சிகள், வழக்குகள் எல்லாம் பின்னாலேயே வந்தன. கடைசியில் சர்க்கார் யோசனையைக் கைவிட்டது. அதே வருஷம் கோட்டூர்புரத்தில் வேறு இடம் பார்த்தார்கள். அதுவும் நிறைவேறவில்லை.

அந்தப் பெண்கள் ஜெயித்தது எதனால் என்று யோசித்துப் பார்த்தேன். கட்டடக் கலையைப் பற்றி அவர்கள் பிரமாதமாக வாதாடினார்கள் என்பதனால் அல்ல. அவர்கள் அங்கே இருந்தார்கள். எந்த ஜன்னலில் கடற்காற்று வரும், எந்த மரத்தடியில் உட்கார்ந்தால் நிழல் எத்தனை மணி வரைக்கும் இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் அவர்களை யாரும் அசைக்க முடியவில்லை.

2006-இல் ஆட்சி மாறியது. கருணாநிதி சர்க்கார் அண்ணா சாலையில் இருக்கும் அரசினர் தோட்டத்தைத் தேர்ந்தெடுத்தது. ஜெர்மனியைச் சேர்ந்த ஃபான் கெர்க்கன், மார்க் கூட்டாளிகள் படம் வரைந்தார்கள். அந்த இடத்தில் ஏற்கெனவே என்ன இருந்தது? பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து கவர்னர்கள் குடியிருந்த பழைய அரசினர் மாளிகை இருந்தது. கலைவாணர் அரங்கம் இருந்தது. இந்தக் கலைவாணர் அரங்கத்தின் ஜாதகம் விசித்திரமானது. 1952-இல் சட்டசபைக்காகவே எழுப்பிய மண்டபம் அது. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலில் வென்றவர்கள் 1956 வரையில் அங்கேதான் கூடினார்கள். பிறகு சட்டசபை கோட்டைக்குத் திரும்பிவிட்டது. மண்டபம் பாலர் அரங்கமாகி, அப்புறம் கலைவாணர் அரங்கமாயிற்று. சட்டசபைக்குக் கட்டினால் வேறொன்றாக முடிவது அந்தத் தோட்டத்து மண்ணின் ராசி போலிருக்கிறது!

அரசினர் மாளிகையும் அரங்கமும் புதுக் கட்டடத்துக்காக இடிபட்டன. பழமை காக்கும் அன்பர்கள் சிலர் குரல் எழுப்பினார்கள். அவ்வளவுதான். ராணி மேரி கல்லூரிக்கு வந்த கூட்டம் அங்கே வரவில்லை. ஏன் வரும்? கவர்னர் மாளிகைக்குள் நமக்கு என்ன ஞாபகம் இருக்கிறது? வேலிக்கு வெளியே நின்று பார்த்திருப்போம். அதுவும் மரங்கள் மறைத்திருக்கும். அதே தோட்டத்தில் 1802-இல் கோல்டிங்காம் கட்டிய ராஜாஜி மண்டபம் மட்டும் தப்பிப் பிழைத்தது. அண்ணாவையும் எம்.ஜி.ஆரையும் கடைசியாகப் பார்க்க அந்தப் படிகளுக்கு முன்னால் லட்சக்கணக்கான ஜனங்கள் நின்று அழுதிருக்கிறார்கள். 2016-இலும் 2018-இலும் மறுபடி நின்றார்கள். அந்த மண்டபத்தின் மீது யாராவது கடப்பாரையை ஓங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இங்கே என்னைப் பற்றியும் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். 2011 நவம்பரில், கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்தைக் குழந்தைகள் ஆஸ்பத்திரியாக மாற்றுவதென்று அமைச்சரவை முடிவு செய்தது. அது திறந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. எழுத்தாளர்கள் கொதித்தோம். நானும் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினேன், கையெழுத்தும் போட்டேன். உயர் நீதிமன்றம் தடை போட்டது. நூலகம் நூலகமாகவே நிலைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் அதற்குச் சில வருஷங்களுக்கு முன்பு அரசினர் மாளிகையை இடித்தபோது நான் ஒரு வரி எழுதவில்லையே! தினமும் அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். தூசி பறந்தது, கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டேன். புஸ்தகம் என்றால் என் வீடு. மாளிகை என்றால் யாரோ ஒரு துரையின் வீடு. அவ்வளவுதான் என் பொதுநலம்.

ராணி மேரி கல்லூரிக்கும் பிற்பாடு ஒன்று நேர்ந்தது. அங்கே இருந்ததில் மிகப் பழைய கட்டடமான கேப்பர் இல்லம் இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் புதுக் கட்டடம் எழுந்தது. அப்போது 2003-இன் கூட்டம் திரளவில்லை. கல்லூரிக்கு ஆபத்து இல்லை அல்லவா!

புதுக் கட்டடத்தின் திறப்பு விழா 2010 மார்ச் 13-இல் நடந்தது. பிரதமர் மன்மோகன் சிங் வந்து திறந்து வைத்தார். உச்சியில் வர வேண்டிய கோபுரக் கவிகை அப்போது முடியவில்லை. அதனால் சினிமாக் கலை இயக்குநர் தோட்டா தரணியை அழைத்து, விழாவுக்காக ஒரு தாற்காலிகக் கவிகை போட்டார்கள். அது பார்க்க நன்றாகவே இருந்தது. தமிழ்நாட்டில் சினிமாவும் சட்டசபையும் உறவினர்கள்தானே என்று சிலர் கேலி செய்தார்கள். எனக்குக் கேலி செய்யத் தோன்றவில்லை. ஒரு நாட்டின் சட்டமன்றத்தை எப்போது திறப்பது என்பதைக் கட்டடம் தீர்மானிக்கவில்லை, தேதி தீர்மானித்தது என்பதற்கு அந்தக் கவிகை சாட்சியாக நின்றது. அடுத்த வருஷம் தேர்தல். தேர்தலில் ஆட்சி மாறியது. புதிய சர்க்கார் அந்த வாசலையே மிதிக்காமல் கோட்டைக்குப் போயிற்று. 2011 ஆகஸ்டில் அது ஆஸ்பத்திரியாகும் என்று அறிவித்தார்கள். 2014-இல் ஆஸ்பத்திரியும் ஆயிற்று.

இரண்டு பக்கத்துக் கட்சிக்காரர்களும் இதைப் பற்றிப் பேசக் கேட்டிருக்கிறேன். "பொதுப் பணத்தில் கட்டியதைப் பொறாமையால் பாழாக்கினார்கள்" என்பார் ஒருவர். "அவசரத்தில் அரைகுறையாகக் கட்டியதை ஏழைகளுக்குப் பயன்படச் செய்தார்கள்" என்பார் மற்றவர். "ஜனங்களே ஓட்டுப் போட்டு ஆதரித்தார்கள்" என்பதை இருவருமே சொல்வார்கள். இருவர் சொல்வதும் ஒருவகையில் உண்மை. ஆனால் வாக்குச் சீட்டில் கட்டடத்தின் படம் இல்லையே! அரிசி விலைக்கும் மின்வெட்டுக்கும் போட்ட ஓட்டைக் கொண்டுபோய்ச் சட்டசபை எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு அபிப்பிராயமாக எழுதிக்கொள்வது என்ன கணக்கு? கல்யாணத்துக்குச் சம்மதித்தவள், பந்தியில் போடுகிற ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் சம்மதித்துவிட்டாள் என்பது போல இருக்கிறது.

"ஏன், சட்டத்தில் இடம் இருக்கிறதே!" என்று என் வக்கீல் நண்பர் சொன்னார். இருக்கிறது. 1971-ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டப்படி, ஒரு நகரத்துக்குத் திட்டம் தயாரித்தால் அதை வெளியிட்டு, இரண்டு மாதத்துக்குக் குறையாமல் அவகாசம் கொடுத்து, ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும். 1976-இல் வந்த முதல் முழுமைத் திட்டமும், 2008-இல் வந்த இரண்டாவதும் அந்தச் சட்டத்தின் குழந்தைகள். ஆனால் அது நகரம் முழுவதற்குமான திட்டத்துக்கு. தனியொரு பெரிய கட்டடத்துக்கு அதுவும் கிடையாது. சுற்றுச்சூழல் அனுமதிக்கென்று மத்திய சர்க்கார் 2006-இல் போட்ட அறிவிக்கையில், சுரங்கத்துக்கும் தொழிற்சாலைக்கும் பொதுமக்கள் கருத்துக் கேட்பு உண்டு. கட்டடங்களுக்கு விலக்கு அளித்துவிட்டார்கள். கட்டடத்தில் மனிதர்கள் இருப்பார்கள் என்பது மறந்துவிட்டதோ என்னவோ!

கேட்கிற இடத்திலாவது எப்படிக் கேட்கிறார்கள்? அந்த முழுமைத் திட்டங்களைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தேன். தளப் பரப்புக் குறியீடு, நில உபயோக மண்டலம், சர்வே எண்கள் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. அறிவாளிகள் உழைத்துத் தயாரித்தது, குறை சொல்லவில்லை. ஆனால் இது நீலத் தாள். சாதாரண மனிதன் இதில் ஒன்றே ஒன்றைத்தான் தேடுவான்: தன் சர்வே எண். தன் மனையைச் சாலை விழுங்குகிறதா, இல்லையா? இல்லையென்றால், "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவான்.

பொதுஜனத்தை நான் பூஜை செய்வதாக நினைக்க வேண்டாம். நம்முடைய லட்சணமும் எனக்குத் தெரியும். இரண்டு மாடிக்கு அனுமதி வாங்கி நான்கு மாடி கட்டியவர்கள் யார்? பக்கத்தில் விட வேண்டிய ஐந்தடியில் ஜெனரேட்டரையும் குளியலறையையும் வைத்தவர்கள் யார்? எல்லாம் நாம்தான். 1999 பிப்ரவரி வரையில் விதியை மீறி எழுந்த கட்டடங்களைப் பணம் கட்டி முறைப்படுத்திக்கொள்ளலாம் என்று சட்டத்தையே திருத்தினார்கள். பிறகு அந்தக் கெடுவை மேலும் மேலும் நீட்டினார்கள். அன்றைக்கு வரிசையில் நின்று விண்ணப்பம் கொடுத்தவர்களும் பொதுஜனங்களே. மேம்பாலம் வேண்டும், ஆனால் அடுத்த தெருவில் வேண்டும். குப்பைக் கிடங்கு அவசியம், ஆனால் பெருங்குடியில் இருக்கட்டும், நம் வீட்டு ஜன்னலுக்குத் தெரிய வேண்டாம். இந்த அபிப்பிராயங்களைக் கூட்டிக் கழித்தால் ஒரு நகரம் வராது.

"கரிகாலன் யாரைக் கேட்டுக் கல்லணை கட்டினான்?" என்று அந்த வக்கீல் நண்பர் மடக்கினார். அவன் கேட்டானா, இல்லையா என்பது எனக்குத் தெரியாது, நண்பருக்கும் தெரியாது. எங்கள் ஊர்ப் பக்கத்துக் குடிமராமத்து வழக்கம் எனக்குத் தெரியும். வாய்க்கால் தூர் வாருவதும் கரை போடுவதும் அந்தத் தண்ணீரில் பயிரிடுகிறவர்கள் பொறுப்பு. எந்த மதகில் கசிகிறது என்பதை அவர்களிடம்தான் கேட்டாக வேண்டும். அணையை எங்கே கட்டுவது என்பது அவர்கள் வேலையல்ல. மதகு எங்கே இருந்தால் கடைமடைக்குத் தண்ணீர் போகும் என்பது அவர்களுக்குத் தெரியும். அம்மாவுக்கு வீடு கட்டத் தெரியாது. எந்தச் சுவர் பாரம் தாங்கும் என்று மேஸ்திரிக்குத்தான் தெரியும். ஆனால் அம்மியைப் பற்றி மேஸ்திரிக்கு என்ன தெரியும்?

சென்னையிலேயே ஒரு தடவை சுண்ணாம்புக் கோடு போட்டுப் பார்த்தார்கள். தியாகராய நகர்ப் பாண்டி பஜாரை நடப்பவர்களுக்கான தெருவாக மாற்றும் யோசனை வந்தபோது கடைக்காரர்கள் பயந்தார்கள். கார் வராவிட்டால் வியாபாரம் போய்விடும் என்பது அவர்கள் வாதம். படத்தைக் காட்டி விவாதித்துக்கொண்டே இருந்தால் அந்த விவாதம் இன்றும் முடிந்திருக்காது. மாதிரிக்காக வண்டிகளை நிறுத்தி, ஜனங்களை நடக்கவிட்டுப் பார்த்தார்கள். குழந்தைகள் நடுத்தெருவில் ஓடின. கிழவர்கள் பயப்படாமல் குறுக்கே நடந்தார்கள். அங்கே நடந்து பார்த்தவனிடம் அபிப்பிராயம் கேட்டால் சொல்லத் தெரிந்தது. "இங்கே ஒரு பெஞ்சு போட்டால் தேவலை" என்று என் மனைவியே சொன்னாள். 2019 நவம்பரில் அகலமான நடைபாதைகளோடு அந்தத் தெரு திறந்தது. குற்றம் குறை இல்லாமல் இல்லை. வண்டிகள் சந்துகளுக்குள் புகுந்துகொண்டன என்று உள்தெருக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள். அவர்கள் தெருவிலும் ஒரு நாள் கோடு போட்டுப் பார்த்திருக்கலாம். இருந்தாலும், சாயங்காலத்தில் அங்கே போய் உட்கார்ந்தால், பட்டணத்தில் ஜனங்களைக் கேட்டுச் செய்தது ஒன்றாவது இருக்கிறதே என்று மனசுக்கு ஆறுதலாக இருக்கிறது.

பஸ்ஸில் வந்த பாட்டி விஷயத்துக்கு வருகிறேன். 2007-இல் யாராவது அவளை வழிமறித்து, "அரசினர் தோட்டத்தில் என்ன கட்டலாம்?" என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? ஆஸ்பத்திரி என்றே சொல்லியிருக்கலாம். அப்படியானால் இன்று கிடைத்திருப்பது அவள் கேட்டதுதானே என்று ஒருவர் வாதிடலாம். நானும் கொஞ்ச நேரம் அப்படி நினைத்தேன். ஆனால் அவளைக் கேட்டுக் கட்டியிருந்தால் அது இந்த மாளிகையாக இருந்திருக்காது. மந்திரிகளும் உறுப்பினர்களும் கம்பீரமாக வந்து இறங்குவதற்காக அமைத்த வட்டங்களும் முற்றங்களும் எதற்கு? நோயாளியோடு வருகிறவர்கள் மூன்று பேர். அவர்களுக்கு உட்கார நிழல் வேண்டும், தூக்குச் சட்டியைத் திறந்து சாப்பிட இடம் வேண்டும், ராத்திரி துண்டை விரித்துப் படுக்க ஒரு தாழ்வாரம் வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கினால் மூட்டு வலிக்காரி எத்தனை அடி நடக்க வேண்டும் என்பதிலிருந்து அந்தப் படம் தொடங்கியிருக்கும். பிறகு டாக்டர்களும் அதிகாரிகளும் என்னதான் பாடுபட்டு மாற்றி அமைத்தாலும், சட்டசபைக்குப் போட்ட அஸ்திவாரத்தின் மேல்தான் மாற்ற முடியும். அதே சமயம், இன்றைக்கு அதை மறுபடி சட்டசபையாக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் ஆதரிக்க மாட்டேன். இப்போது அங்கே குடியிருக்கிறவள் அந்தப் பாட்டி. ராணி மேரி கல்லூரிப் பெண்களுக்கு இருந்த உரிமை அவளுக்கும் உண்டு.

கோட்டையில் இடம் போதவில்லை என்ற பழைய கஷ்டம் தீரவில்லை. 2020-இல் கொரோனா வந்தபோது, தள்ளித் தள்ளி உட்கார இடம் இல்லாமல், சட்டசபை புதிதாகக் கட்டிய கலைவாணர் அரங்கத்துக்கு வந்து கூடியது. பிறகு கோட்டைக்குத் திரும்பிப் போனது. ஆகவே என்றைக்காவது ஒரு நாள் மறுபடியும் இடம் தேடுவார்கள். மூன்றாவது முழுமைத் திட்டத்துக்கான வேலையும் தொடங்கியிருக்கிறது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த பெருநகரத்தின் எல்லையை 2022-இல் 5,904 சதுர கிலோமீட்டராக்கியிருக்கிறார்கள். அத்தனை பெரிய மனையில் எங்கெங்கே கோடு போடுவது என்று அதிகாரிகள் கேட்கலாம். எல்லா இடத்திலும் போட வேண்டாம். அடுக்களை வரும் இடங்களில் போட்டால் போதும்.

மாயவரத்து வீட்டில் அந்தக் கொல்லைக் கதவு இரண்டடி நகர்ந்ததற்காக மேஸ்திரி ஒரு நாள் கூலி அதிகம் கேட்டார். அப்பா முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்.